மூடுபனியில் ஓர் அறிவிப்பு

பேருந்து நிலையத்தில் மைக் பிடிக்கிறவளைக் கட்டிக்கொண்டால் வீட்டிலும் அறிவிப்புதான் என்று லிஃப்ட் மெக்கானிக் சிரித்துக்கொண்டே சொல்வார். வெந்நீர் காய்ந்துவிட்டது என்பதைக்கூட அவர் மனைவி தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை எல்லோரும் மலையேறலாம் என்று ஞாயிறு பூசையில் சொன்னார் ஃபாதர். அடிவாரத்திலிருந்து உச்சிச் சிலுவை வரை ஒருவரும் பேசக்கூடாது, மௌனம்தான் அன்றைய நோன்பு, நடைதான் ஜெபம். முதலில் கை தூக்கியவள் அவள்தான். கோயிலே சிரித்தது. மெக்கானிக்கும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "இத்தனை வருஷமா சாமிகிட்டயும் நான்தாங்க பேசிட்டே இருந்திருக்கேன். அவர் பேச இடமே குடுத்ததில்ல."

அவருக்குச் சுருக்கென்றது.

ஊரார் படியேறாமல் பார்த்துக்கொள்வதே அவர் பிழைப்பு. அந்தச் சனிக்கிழமை பாதி மலையிலேயே அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவளோ வாயை இறுக மூடிக்கொண்டு முன்னால் போனாள். ஓரிடத்தில் கால் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. அப்போதும் ஒரு "ஐயோ" இல்லை. 'பார்த்தீங்களாய்யா!' என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட அவருக்கு நாக்கு துடித்தது. பேசக்கூடாதே!

உச்சி நெருங்கும்போது மூடுபனி இறங்கிவிட்டது. பின்னால் வந்த பாடகர் குழு பாதையை விட்டு விலகிப்போய், பள்ளத்துப் பக்கமிருந்து கூப்பிட்டது.

"ஃபாதர்! எங்க இருக்கீங்க?"

ஃபாதர் கத்தினார். மைக் இல்லாத அவர் குரல் நாலடி தாண்டவில்லை. இருமல்தான் வந்தது.

அவள் ஒரு கணம் அசையாமல் நின்றாள். கண் கலங்கியது. பிறகு பாறைமேல் ஏறினாள்.

"பயணிகள் கவனத்திற்கு! யாரும் இடத்தை விட்டு நகர வேண்டாம்! ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, என் குரல் வரும் திசையில் மெதுவாக ஏறி வரவும்!"

மலையே அதிர்ந்தது. தொண்டை கட்டும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. கடைசியாக ஆர்மோனியக்காரர், ஒற்றை ஷூவோடு.

சிலுவையடியில் அவள் உட்கார்ந்து அழுதாள். "நோன்பு போச்சு ஃபாதர். ஒரே ஒரு நாள், அதுகூட என்னால முடியல."

ஃபாதர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நோன்புன்னா ஆசப்பட்டத விட்டுக்குடுக்கறதும்மா. நீ இன்னைக்கு ஆசப்பட்டது மௌனம். அதையே இவங்களுக்காக விட்டுட்டியே. உன் தவக்காலம் எங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு."

கோயிலில் சிரித்தவர்கள் யாரும் இப்போது தலை நிமிரவில்லை. மெக்கானிக்குக்கு நெஞ்சு நிறைந்து, சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

இறங்கும்போது அவள் யாரும் சொல்லாமலே மௌனமானாள். அடிவாரத்தில் வேறொரு கூட்டம் பனி விலகக் காத்து நின்றது.

"மேல ஒரு குரல் கேட்டுச்சே, யாருங்க அது?" என்றார் ஒரு பெரியவர்.

"என் சம்சாரம்!" என்றார் மெக்கானிக். அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்கு வழிவிட்டுப் பின்னால் நடந்தார்.