தேதி போடாத கடிதம்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் வரும் கடிதத்தின் வாசகம் என்னுடையது. கிர்கிஸ் மலையூர் ஒன்றின் அரசு மருத்துவமனையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், பயமாக இருக்கிறது. அதன் சலவைக்கூடத்தைத் தனியாருக்கு விட்ட வாரத்தில் கதை தொடங்குகிறது.

2

"புபுசரா எதற்கும் அஞ்சாதவள்..." பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.

பத்தொன்பது வருஷமாக நோயாளிகளின் விரிப்புகளைத் துவைத்த புபுசரா, சலவைக்கூடத்தில் வெண்ணெய் மணத்ததுமே வாசலோடு நின்றாள். மேஜையில் ரொட்டி, பாலேடு, தேநீர். புது ஒப்பந்தக்காரர் தாலஸ்பெக் வைத்த விருந்து.

"மெஷின்ல துணி கிடக்கு தம்பி," என்று நழுவப் பார்த்தாள்.

"ரொட்டியத் தொடாமப் போறதாக்கா? ஒரு வாய் பிச்சுப் போட்டுட்டுப் போங்க."

எங்கள் பக்கம் ரொட்டி வைத்த மேஜையைத் தாண்டிப் போக முடியாது. பிய்த்தாள். பிய்த்ததால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் காகிதம் வந்தது. (இந்த வரிசையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.)

3

இரண்டு காகிதங்கள். ஒன்று, வேலையில் சேருகிறேன் என்று. இன்னொன்று, சொந்த விருப்பத்தின் பேரில் அதே வேலையை விட்டு விலகுகிறேன் என்று. இரண்டாவதில் தேதி மட்டும் காலி.

"இப்பத்தான சேர்றேன், அதுக்குள்ள எதுக்குப்பா விலகல்?"

"சும்மா சம்பிரதாயம்க்கா. இரும்புப் பெட்டியில தூங்கும்."

"அது தூங்கும். நான் தூங்கணுமே?"

மேஜையைச் சுற்றி இருந்த மற்ற சலவைப் பெண்கள் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "குபத், நீ ஆபீஸ் ஆளு. கையெழுத்துப் போடலாமா, சொல்லு."

என் வாயில் அவர் ரொட்டி இருந்தது. "போடுங்கக்கா," என்றேன்.

நானும் போட்டேன். இப்போது நானும் அவரிடம்தான் வேலை பார்க்கிறேன்.

4

வெளுப்பு மருந்தில் அவள் விரல்கள் வெடித்துவிட்டன. முன்பென்றால் மருத்துவ விடுப்பு எடுத்திருப்பாள். இப்போது கிழிந்த கையுறைக்கு மாற்று கேட்டால்கூட விலகல் கடிதத்தில் தேதி விழுந்துவிடுமோ என்று பயம். தாலஸ்பெக் வந்தால் கையை மேலங்கிக்குள் ஒளித்துக்கொள்கிறாள்.

ஒருநாள் புபுசரா துணிந்து அவர் அறைக்குப் போய்...

(ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். வாசலோடு நின்றுவிடுகிறாள்.)

தொழிலாளர் அதிகாரியிடம் அனுப்பலாமா? "இது உங்க கையெழுத்துதானம்மா?" என்பார். அவளுடையதுதான். பெட்டியிலுள்ள கடிதங்களை எரித்துவிடலாமா? தீக்குச்சி கிழிக்க வேண்டியவன் நான். தீப்பெட்டியை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவேன்.

5

இன்று காலை வார்டிலிருந்து ஒரு விரிப்பு திரும்பி வந்தது. துவைத்து மடித்ததில் ஐந்து விரல் ரத்தத் தடம். தாலஸ்பெக் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்தார்.

"உன் எழுத்து அழகா இருக்கும். தேதிய நீயே போட்டுரு."

இந்தக் கதையை நான் எழுதுவது அதைத் தள்ளிப்போடத்தான். கதை முடிந்தால் தேதி போட வேண்டும்.

கதவு திறக்கிறது. புபுசரா. கை மேலங்கிக்குள் இருக்கிறது.

"தம்பி, பெட்டியத் தொறந்தாங்களாமே. யாரு பேரு?"

அவள் கடிதத்தின் மேல் இந்தத் தாள்களைப் போட்டு மூடிவிட்டேன். பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள், யார் பேரென்று நீங்களே சொல்லுங்கள்.