முதல் லாரி

கணவாய்ச் சாலையை மூடினால் தலைநகரம் குளிரில் விறைக்கும். நிலக்கரி மலைக்கு அந்தப் பக்கம், அடுப்புகள் இந்தப் பக்கம், நடுவில் பனி. அந்தப் பனி எப்போது சரியும் என்று சொல்ல எங்கள் மாவட்டத்தில் ஓர் அதிகாரி உண்டு. பழையவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு சோல்பொன் என்ற பெண் வந்தார்.

நான் சாலைத் துறைத் தலைவன். பனி அள்ளும் வண்டிகளும் சாலையை மறிக்கும் கம்பமும் என் பொறுப்பு. எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உட்காருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. சுரங்க இயக்குநர் தெமிர்கான், தண்ணீர் புகுந்த சுரங்கத்துக்குள் தானே இறங்கி ஆட்களை உயிரோடு மீட்டவர். மாவட்டத் தலைவர், நிலநடுக்கத்தில் தரைமட்டமான ஊரைத் திரும்பக் கட்டியவர். இவர்கள் நடுவில் சோல்பொன் வாயைத் திறந்தால் காது கொடுக்க ஆளில்லை. பேச்சும் அப்படித்தான் இருந்தது. "சரிய வாய்ப்பு இருக்கு, சரியாமலும் போகலாம்" என்பார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குளிர்காலத் தொடக்கத்தில் இரண்டு தடவை மூடச் சொன்னார். மூடினோம். ஒரு பிடி பனிகூடச் சரிந்து விழவில்லை.

"தங்கச்சி, மலை உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குதே," என்றார் தெமிர்கான்.

"மூடச் சொல்றதுல என்னண்ணே கஷ்டம்? யார் தலையும் போகாது," என்று நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மாவட்டத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சும்மா மூடினீங்கன்னா, வேற ஆளைப் போடுங்கன்னு மேல சொல்லிருவேன்," என்றார். சோல்பொன் முகம் வெளுத்துவிட்டது. இங்கிருந்து அனுப்பப்பட்டவரை வேறு எந்த மலையிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவருக்குத் தெரிந்ததோ இந்த ஒரு தொழில்.

"சரி, நாளைக்குத் திறக்கலாமா?" என்று கேட்டார் தலைவர்.

"திறக்கலாம்னுதான் தோணுது."

"தோணும். ஏன் தோணாது?" என்றார் தெமிர்கான். "நீங்க இங்க டீ குடிப்பீங்க, மலையில போறது என் டிரைவருங்க. முதல் லாரில நீங்க ஏறுவீங்களா?"

"ஏறுறேன்."

வாய்ச்சவடால் என்றுதான் நினைத்தோம். மறுநாள் நான் கம்பத்துக்குப் போனபோது கம்பளி பூட்ஸோடு அவர் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். ஏறினார், போனார், தலை முதல் கால் வரை கரித்தூளோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு சாலை திறக்கும்போதெல்லாம் முதல் லாரியில் அவர்தான். கூட்டத்திலும் பேச்சு சுருங்கிப்போனது. திறக்கலாம் என்பார், அல்லது வேண்டாம் என்பார். தெரியாவிட்டால் "தெரியல, மத்தியானம் சொல்றேன்" என்பார். எங்கள் மேஜையில் தெரியவில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தெமிர்கான் விடவில்லை. "இந்தம்மாவுக்கு இனி டிரைவர் சம்பளம் போட்டுக் குடுக்கணும்," என்றார் ஒருநாள்.

"குடுங்கண்ணே. என் சம்பளத்தைவிட அது ஜாஸ்தி," என்றார் சோல்பொன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

கடுங்குளிரில் பெரிய புயல் ஒன்று வந்து சாலையை அடைத்துப் போட்டது. நகரத்தில் கரி தீர்ந்துகொண்டிருந்தது. மாவட்டத் தலைவரின் போன் ஓயவில்லை. புயல் அடங்கிய சாயங்காலம் சோல்பொன், "காலைல திறக்கலாம்," என்றார்.

காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. லாரிகள் வரிசை கட்டி நின்றன. தெமிர்கானும் நேரில் வந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். சோல்பொன் முதல் லாரியின் படியில் கால் வைத்தார். மேலே பார்த்தார். முகட்டில் பனித்தூள் எங்கள் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. காலை எடுத்துவிட்டார்.

"என் கணிப்பு தப்பு. ராத்திரி காத்து திரும்பிருச்சு. பனி பூரா ரோட்டுக்கு மேல இருக்கிற சரிவுல வந்து சேந்துருக்கு. இன்னைக்கு வேண்டாம்."

"தலைவர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றேன்.

"இருக்கு. பயமாத்தான் இருக்குண்ணே. ஆனா ஏறமாட்டேன்."

தெமிர்கானைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் கம்பத்தைத் தூக்கியிருப்பேன். அவர் சோல்பொன்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. வாயிலிருந்த தோலைத் துப்பிவிட்டு, "வண்டியத் திருப்புங்கப்பா," என்று டிரைவர்களிடம் சொன்னார்.

அன்று நகரத்தில் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்பத்தடியிலேயே கிடந்து சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்காகவாவது கொஞ்சம் பனி விழுந்து தொலையக் கூடாதா என்றிருந்தது. விழவில்லை. காற்று தணிந்து பனி இறுகிய பிறகு அவரே திறக்கச் சொல்லி, முதல் லாரியில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை மாவட்டத் தலைவர் என்னைப் பார்த்து, "விழுந்துச்சா?" என்றார்.

"இல்லைங்க."

அவர் பார்வை சோல்பொன் மேல் போனது. சோல்பொன் பதில் சொல்ல எழுந்திருப்பதற்குள் தெமிர்கான் முந்திக்கொண்டார். "லாரியத் திருப்பச் சொன்னது நான்."

"நீங்களா? எதுக்கு?"

"அந்தம்மா ஏறல," என்றார் தெமிர்கான், தன் கிண்ணத்தில் டீ ஊற்றிக்கொண்டே.

தலைவர் சோல்பொன் பக்கம் திரும்பி, "இந்த வாரம் ரோடு எப்படிம்மா?" என்று கேட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.