ஒரே ஒரு வெள்ளைக் கைக்குட்டை

“கைக்குட்டை கிடைச்சுதா ஜோவி? நாலு மணிக்கு பாஸ்டர் வந்துடுவாரு!” என்று கூடத்திலிருந்து புஷ்பம் குரல் கொடுத்தாள்.

மகள் ஜோவிதா பீரோவுக்குள் தலையை விட்டிருந்தாள். அப்பா அசரியாவுக்குக் கோட்டும் கையுறையும் போட்டுச் சவப்பெட்டியில் கிடத்தியாகிவிட்டது. கையில் வைக்க ஒரு வெள்ளைக் கைக்குட்டைதான் பாக்கி. பீரோவில் முப்பது இருந்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொன்றின் நடுவிலும் பூரி அளவுக்குச் சாம்பல் வட்டம், துவைத்தும் போகாத கறை. அடியில் ஒன்று மட்டும் மடிப்புக் கலையாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதையும் கறை படிந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அப்பாவோடு பம்மல் பக்கம் கல்மாவு ஃபேக்டரியில் வேலை பார்த்த டெனிஸ், பெட்டியருகே நின்றிருந்தார்.

“அங்கிள், இது என்ன கறை?”

“தூசிம்மா. மிஷின்லேர்ந்து வர்ற காத்த, வரிசையா தொங்கற துணிப்பைங்க வடிகட்டி மேல குழாய் வழியா வெளிய வுடும். ஒரு பை கிழிஞ்சாலும் நைஸ் தூசி கூடவே போயிடும், கண்ணுக்கே தெரியாது. தூசி அளக்கற மீட்டரும் சரின்னுதான் காட்டும். உங்கப்பா நம்ப மாட்டாரு. மேல ஏறி, குழாய் வாயில அஞ்சு நிமிஷம் கர்ச்சீப்ப புடிச்சுகினு நிப்பாரு. செவுத்துக்கு அந்தாண்ட பால்வாடி கீதே, அந்தப் பயம்.”

“அப்ப இந்த வெள்ளை?”

டெனிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“ரிடையர் ஆன அன்னிக்குப் புடிச்சதும்மா. கறை பட்டா பையை மாத்தாம எறங்க மாட்டாரு. கீழ மாலை, கேக்கு எல்லாம் ரெடி. நான்தான் காத்து மோட்டரை நிறுத்திட்டேன். சுத்தமா வந்ததும் எல்லாரும் கை தட்டுனோம். சிரிச்சுகினே பாக்கெட்ல வச்சுகினாரு.”

“எங்கப்பாவையா ஏமாத்துனீங்க?” ஜோவிதா சீறினாள்.

“மறுநாள் விடிஞ்சதும் போன் பண்ணாரும்மா. ‘டெனிசு, பையெல்லாம் திறந்து பாரு’ன்னாரு. ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சு, மாத்திட்டோம். அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு ஏழு வருஷமா மண்டை காயுது.”

அது ஜோவிதாவையும் குடைந்தது, கோபத்தைவிட அதிகமாகவே. பெட்டியருகே ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்கு முன்னால் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பிடித்தாள். படபடவென்று கையில் அடித்தது. ஸ்விட்சை அணைத்தாள். துணி தொங்கிப்போயிற்று.

“அங்கிள், புடிச்சிருந்த கைக்குத் தெரியாதா?”

டெனிஸ் அந்தத் துணியையே பார்த்தார். “ஐயோ அண்ணா...” என்று அழுதார்.

“கிடைச்சுதாடி?” என்றாள் புஷ்பம்.

“கிடைச்சுதும்மா.”

கறை படிந்ததை, வட்டம் மேலே தெரியும்படி மடித்து அப்பாவின் விரல்களுக்குள் செருகினாள். வெள்ளையை டெனிசிடம் முகம் துடைக்கக் கொடுத்தாள்.