பன்னிரண்டு பேரும் தோற்ற ஊர்

தேர்வு முடிவு வந்த அன்று பூவிழி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. கூழாங்காட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் என்று கணக்கெடுப்பில் வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் ஆறு மாதமாக அவள்தான் பாடம் நடத்தினாள். பன்னிரண்டு பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், தோற்றிருந்தார்கள்.

உடையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்தால் முந்திரிக்காடுகளைத் தாண்டி அரைமணி நேரத்தில் கூழாங்காடு வந்துவிடும். பூவிழி அந்த ஊருக்கு மருமகளாக வந்து நான்கு வருடம் ஆகிறது. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். வயது வந்தோர் எழுத்தறிவுத் திட்டத்துக்குத் தன்னார்வலர் வேண்டும் என்று ஊராட்சியில் தண்டோரா போடாத குறையாகச் சொன்னபோது, தானே போய்ப் பெயர் கொடுத்தாள்.

வகுப்பு கிராம சேவை மையக் கட்டடத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. பதினோரு பேர் பெண்கள், காலையெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து விரல் கறுத்துப்போனவர்கள். பன்னிரண்டாவது ஆள் பிச்சைமுத்து, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்கு லோடு ஏற்றி ஓய்ந்தவர். மழை பெய்தாலும் வருவார்கள், தேர்த் திருவிழா என்றாலும் வருவார்கள். சனிக்கிழமைகளில் பூவிழி உடையார்பாளையம் நூலகத்திலிருந்து ஒரு பை நிறையப் புத்தகம் எடுத்துவந்து கதை வாசித்துக் காட்டுவாள். அப்போது வாய் பிளந்து கேட்பவர்களைப் பார்த்தால், இவர்களா தோற்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த வாரமே அரியலூரில் ஆய்வுக்கூட்டம். சுவரில் மாவட்ட வரைபடத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். தேறிய ஊர்களெல்லாம் பச்சை. பச்சைக்கு நடுவில் கூழாங்காடு மட்டும் வேனல் கட்டி மாதிரி சிவப்பாக இருந்தது.

"வருகைப்பதிவு நூத்துக்கு நூறு, தேர்ச்சி பூஜ்யம். இது எப்படி சாத்தியம்?" என்றார் மேசைத் தலைமாட்டில் இருந்த அதிகாரி.

சத்துக்குறைவாக இருக்கலாம் என்றார் ஒருவர். சாப்பிட்ட மயக்கத்தில் வகுப்பு வைத்தால் எப்படி ஏறும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கண்ணு தெரியாம இருக்கும் சார்" என்றார். உடனே எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கூழாங்காட்டில் கண் பரிசோதனை முகாம் என்று குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

பின்வரிசையில் பூவிழி தலையைத் தூக்கவேயில்லை. கண்ணில் என்ன கோளாறு? முந்திரிப் பருப்பில் ஒட்டியிருக்கிற நகக்கண் அளவு தோலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற ஜனங்கள் அவர்கள். கோளாறு தன்னிடம்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வட்டார மேற்பார்வையாளர் சிங்காரவேலுவுக்கு ஒரு விலகல் கடிதம் எழுதினாள். அவர் முகாமன்று வருவார், கையில் கொடுத்துவிடலாம் என்று வருகைப்பதிவேட்டுக்குள் மடித்து வைத்தாள்.

மறுநாள் சாக்பீஸ் தீர்ந்துபோய், பதிவேட்டை வகுப்பு மேசையிலேயே வைத்துவிட்டு வாங்கிவரக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வகுப்பு வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் இருந்தது. முன்வரிசையில் சுந்தராம்பாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஐம்பத்தைந்து வயது. ஊரில் யாருக்கும் பயப்படாதவள்.

"என்னாடி இது, வேலைய வுட்டுப் போறியாமே?"

"யாரு அத்தே சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீதான எழுதி வெச்சிருக்க."

கடிதத்தை நீட்டினாள். பூவிழி வாங்கிப் பார்த்தாள். 'கற்ப்பிப்பதில் நான் தோல்வியடைந்துவிட்டேன்' என்று அவள் எழுதியிருந்த வரியில், முதல் சொல்லில் இருந்த 'ப்' பென்சிலால் சுழிக்கப்பட்டிருந்தது.

"றகரத்துக்கு மேல புள்ளி வெச்சா பக்கத்துல இன்னொரு புள்ளியெழுத்து வராதுன்னு நீதான சொன்ன? சாருக்குப் போற லெட்டரு, பாத்து எழுத வேணாமா?" என்றாள் பின்னாலிருந்து பச்சையம்மாள்.

பூவிழி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

பதினோரு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோழி திருடி அகப்பட்டவர்கள் மாதிரி இருந்தது அவர்கள் நிலைமை. கடைசியில் சுந்தராம்பாள்தான் வாய் திறந்தாள்.

"தெரியும்டி. மூணு மாசத்துலயே வந்துருச்சு. பாஸாயிட்டா சர்ட்டிபிகேட்ட குடுத்துட்டு கிளாஸ மூடிருவாங்கன்னு சொன்னாங்க. மூடிட்டா நாங்க எங்க போறது?"

"அதுக்காகவா?"

"பின்ன? வூட்டுல சும்மா ஒரு நிமிசம் உக்கார முடியுதா? டீ போடு, மாட்டுக்குத் தண்ணி காட்டு, சட்டைய எங்க வெச்ச. இந்த ஒன்றரை மணி நேரந்தான், 'கவர்மெண்ட் கிளாசுல இருக்கேன்'னு சொன்னா ஒரு பய வாசப்பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். அதுல கதை வேற படிக்கிற நீ. போன சனிக்கெழமை அந்தப் பொண்ணு கெணத்தடியில யாரப் பாத்துச்சுன்னே இன்னும் சொல்லல."

"தப்பா எழுதறது லேசுன்னு நெனைக்காத," என்றாள் பச்சையம்மாள். "ஆடு படத்துக்கு நேரா 'ஆடு'ன்னு போட்டுருக்கு. கோட்டை இழுத்துட்டுப் போயி மாட்டுல வுடணும். கை வரமாட்டேங்குது. கண்ண மூடிக்கிட்டு இழுத்தேன்."

"உங்களவுட நாந்தான் நல்லா தப்பா எழுதுனேன்," என்று பெருமையோடு சொன்னார் பிச்சைமுத்து. "ஒண்ணுகூட சரியா வரவுடல."

பூவிழிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். ஆனால் உடனே ஒரு பயமும் வந்தது. அரசாங்கத்தையே ஏமாற்றியிருக்கிறார்கள். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் தானும் கூட்டுக் களவாணிதானே?

முகாம் வெள்ளிக்கிழமை நடந்தது. பரிசோதகர் பிரசாத் சுவரில் எழுத்து அட்டையை மாட்டினார். சிங்காரவேலு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் சுந்தராம்பாள்.

"மேல இருக்கற பெரிய எழுத்து என்னாங்கம்மா?"

"தெரியலீங்க."

"அதுவே தெரியலையா? அடுத்த வரி?"

"எல்லாம் ஒண்ணாட்டம் இருக்குங்க."

படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு அட்டை உண்டு. அதைப் பிரசாத் ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டிருந்தால்கூட விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். அவரோ டார்ச்சை அடித்து இரண்டு கண்ணையும் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

"பெரிய எழுத்தே தெரியலன்னா சும்மா வுடக் கூடாதுங்கம்மா. திருச்சிக்கு அனுப்பறேன். ஆபரேஷன் பண்ற மாதிரி இருக்கும்."

சுந்தராம்பாள் குதித்து எழுந்தாள். "ஐயோ, ஆபரேஷனா? ப! த, ம! க, ட, ன, ய!" என்று மூச்சு விடாமல் அட்டையின் மேலிருந்து கீழ்வரைக்கும் படித்தாள். கடைசி வரியோடும் நிற்கவில்லை. அதற்கும் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி அச்சாகியிருந்த அச்சக முகவரியையும் பின்கோடு நம்பரோடு ஒப்பித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

பிரசாத் டார்ச்சை அணைத்தார். "கண்ணு அருமையா இருக்கு சார்" என்றார் சிங்காரவேலுவிடம்.

சிங்காரவேலு மெதுவாகப் பூவிழி பக்கம் திரும்பினார். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிணற்றடிப் பெண்ணைத் தவிர.

அவர் கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அம்மா, உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே. மாவட்டத்துல புதுசா பகுதி நேர நூலகம் தொறக்கப் போறாங்க. எந்த ஊருல அதிகம் பேரு தேறியிருக்காங்களோ அந்த ஊருக்கு முன்னுரிமை. லிஸ்ட்டுல கடைசி ஊரு எது தெரியுமா? உங்க ஊரு."

"லைப்ரரியா? நம்மூருக்கா? அத முன்னாடியே சொல்றதுக்கு என்னாங்க?" என்றாள் சுந்தராம்பாள்.

"ஒரு மாசமா நோட்டீஸ் போர்டுல தொங்குதே!"

"அத நின்னு படிச்சா எங்களுக்குப் படிக்கத் தெரியும்னு கண்டுபுடிச்சிருவீங்கல்ல. அதான் நாங்க அந்தப் பக்கமே போவல," என்றாள் பச்சையம்மாள்.

சிங்காரவேலு அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். தோற்றவர்களுக்கு அடுத்த மாதம் மறுதேர்வு இருந்தது. நூலகப் பட்டியலை முடிக்க அதற்கப்புறமும் பதினைந்து நாள் இருந்தது. "ஒழுங்கா எழுதுங்க. நடந்தது என் காதுல விழல," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த ஒரு மாதம் கூழாங்காட்டுப் பெண்கள் கொட்டை உடைக்கிற இடத்திலும் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். வேண்டுமென்றே தோற்றபோது இல்லாத நடுக்கம், ஜெயிக்க வேண்டும் என்றதும் வந்துவிட்டது. தேர்வன்று பச்சையம்மாள் 'ஆடு' என்று இருந்ததை நான்கு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டாளாம்.

பதினோரு பேர் தேறினார்கள். பிச்சைமுத்துவின் தாளில் பெயர் எழுதும் இடம்கூடக் காலியாக இருந்தது.

பூவிழி அவரைத் தேடிப் போனாள். அவர் ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து ஆட்டை விரட்டுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"மாமா, இந்தத் தடவ எதுக்கு வேணும்னு தப்பா எழுதுனீங்க?"

"நான் எப்பவுமே வேணும்னு எழுதலம்மா," என்றார். "எனக்கு வரல. அவளுங்க அன்னைக்கு நடிச்சோம்னு சொன்னாளுவ. எனக்கு அது வசதியாப் போச்சு. நானும் நடிச்சேன்னு சொல்லிட்டேன்."

பூவிழிக்குச் சுருக்கென்றது. எல்லோரும் தோற்றார்கள் என்று அழுதாள். எல்லோரும் ஜெயித்தவர்கள் என்று தெரிந்து சிரித்தாள். இரண்டுக்கும் நடுவில் உண்மையாகவே தோற்ற ஒருவர் ஆறு மாதம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு நாளும் தனியாகப் பார்க்கவில்லை. பலகையில் இருப்பதை மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவரும் கூடவே சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

"நாந்தான் மாமா கவனிக்கல," என்றாள்.

"நீ என்னா பண்ணுவ. பதினோரு பொம்பளைங்க போடற சத்தத்துல எனக்கே என் கொரலு கேக்கல."

அடுத்த கூட்டம் அரியலூரில் அதே அறையில் நடந்தது. கூழாங்காட்டுக்குப் பகுதி நேர நூலகம் உறுதி என்றார்கள். ஊராட்சியின் பழைய சத்துணவுக்கூடத்தை வெள்ளையடித்துக் கொடுத்தால் போதும். தலைமாட்டு அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். "ஒருத்தர்தான் பாக்கி. முழு எழுத்தறிவு பெற்ற ஊருன்னு போட்டுரலாமா? ஒருத்தருக்காக எதுக்கு நெறத்தக் கெடுக்கணும்?"

போன முறை தலையைத் தூக்காதவள் இந்த முறை எழுந்து நின்றாள். "வேணாங்க சார். பிச்சைமுத்துன்னு ஒருத்தர் இருக்காருங்க. இல்லன்னு போட்டா அவருக்கு கிளாஸ் இல்லாம போயிரும்."

அறையில் யாரோ இருமினார்கள். சிங்காரவேலு, "அது நியாயந்தான் சார்" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அதிகாரி பேனாவை இரண்டு தரம் தட்டிவிட்டு, வகுப்பு தொடரட்டும் என்று குறித்தார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பதினோரு பெண்களும் சத்துணவுக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விட்டார்கள். கிராம சேவை மையத்தில் பிச்சைமுத்து மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூவிழி பலகையில் எதுவும் எழுதவில்லை. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, சிலேட்டை அவர் மடியில் வைத்தாள்.

"எதுலேருந்து ஆரம்பிக்கலாம் மாமா?"

அவர் யோசித்தார். "எம் பொண்டாட்டி பேருலேருந்து ஆரம்பிம்மா," என்றார். "எம் பேரு ரொம்ப நீளமா இருக்கு."