வடகரையில் பதினேழு வீடுகள்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. வாக்கியம் என்னுடையதுதான். அச்சில் இருக்கிறது, மறுக்க முடியாது.

'நீர்த்தேக்கத்தின் வடகரை பண்டுதொட்டு ஆளரவமற்ற மேய்ச்சல் நிலமாகவே இருந்துவந்துள்ளது.'

எங்கள் மாவட்டத்தின் நூற்றாண்டு மலர், இருநூற்றுப் பதினான்காம் பக்கம். 'பழைய வரைபடங்களின் வழியே நம் மாவட்டம்' என்ற கட்டுரையை எழுதித்தரச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். 'பண்டுதொட்டு' என்று எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் ரசித்தேன். அவ்வளவு கம்பீரமான சொல். பொய்க்கு உடுத்திவிட்டால் அதற்கும் ஒரு களை வந்துவிடுகிறது.

(இந்தக் கதையின் முதல் தொடக்கம் வேறு: 'ஆவணக் காப்பகத்தின் நீண்ட தாழ்வாரத்தில் மழை வாசம் பரவியிருந்த அந்தக் காலையில், அவன்' — அதோடு நிறுத்திவிட்டேன். மழை பெய்யவில்லை. 'அவன்' என்று யாரும் இல்லை, நான்தான்.)

2

வரைபட அறை காப்பகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. ஆளுயரத்துக்கு இரும்பு அடுக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை உயரமுள்ள அகலமான இழுப்பறைகள். நடுவில் பெரிய மேசை. சுருட்டிக்கொள்ளும் தாள்களின் மூலையில் வைக்க மணல் நிரப்பிய துணிப்பைகள். அந்த அறைக்குப் பொறுப்பாக இருக்கும் அம்மாளை எல்லோரும் 'பசையம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிழிந்த வரைபடங்களுக்குப் பின்னால் துணி வைத்து ஒட்டுவது அவர் வேலை. விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த பசை வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருக்கும்.

நீர்த்தேக்கம் இருக்கும் பகுதிக்கு மூன்று வரைபடங்கள் உண்டு. மிகப் பழையதில் ஆறும் ஒரு புள்ளிக்கோட்டுப் பாதையும் மட்டுமே. மூன்றாவது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அணை கட்டுவதற்குச் சற்று முன்னால் அளந்தது. அதில் வடகரை வெறும் வெள்ளை, 'மேய்ச்சல் தரிசு' என்று சாய்வெழுத்து. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது இரண்டாவது.

"அது ஒட்டிக் காயுது சார். பத்து நாள் ஆகும். அதையும் பாத்துட்டு எழுதுங்களேன்" என்றார் பசையம்மா.

மலர்க் குழு கேட்டிருந்த நாளுக்கு நான்கு நாள்தான் பாக்கி. முன்னாலும் வெற்றிடம், பின்னாலும் வெற்றிடம், நடுவில் மட்டும் என்ன கோட்டையா இருந்திருக்கப் போகிறது? எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மலர் வெளிவந்த மறுவாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். "ஒரு நடை வந்துட்டுப் போங்க சார்."

போனேன். மேசைமேல் இரண்டாவது வரைபடம். வடகரையில் பதினேழு கறுப்புச் சதுரங்கள். ஒரு கிணறு. ஆற்றுக்கு இறங்கும் வழி.

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாங்க" என்றார் பசையம்மா, என் முகத்தைப் பார்க்காமல். பிறகு மூன்றாவது வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். நான் அதை முன்பே பார்த்தவன்தான். ஆனால் கீழ் மூலையை, அளந்தவரின் கையொப்பத்தை, பார்த்திருக்கவில்லை. கடைசி எழுத்தின் வால் எலிவால்போல நீண்டு, திரும்பி, தன்னையே அடிக்கோடிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் மதிப்பெண் அட்டை ஒவ்வொன்றிலும் பார்த்துப் பயந்த கையெழுத்து.

என் அப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர்.

3

அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. நினைவு தெளிவு. நான் அவர் அறைக்குப் போனபோது கட்டிலில் செய்தித்தாளை விரித்துக் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

(ஒரு பிரதியில் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் தூரத்துப் பார்வையைக் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவர் நகம்தான் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு என் மேல் தெறித்தது.)

"அப்பா, வடகரையில வீடு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தனை?"

"பதினேழு."

"படத்துல ஒண்ணுகூட இல்லையே."

"போட வேணாம்னாங்க. போடல."

"யாரு?"

"மேல இருந்தவரு. ஆளுங்க இருக்காங்கன்னு படத்துல காட்டினா விசாரணை, மனுன்னு ரெண்டு வருஷம் இழுக்கும்னாரு. அந்த மேட்டுலதான் கல்லு கொட்டணும், வண்டி நிக்கணும். தரிசுன்னு எழுதிட்டா மறுநாளே வேல ஆரம்பிக்கலாம்." அடுத்த விரலுக்குப் போனார். "ஆரம்பிச்சாங்க."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கீங்க."

"அந்த அணைத் தண்ணியக் குடிச்சுத்தான் நீ வளந்த. கசந்துச்சா?"

வேறொன்று கேட்டேன். "மலர்ல நான் எழுதினதப் படிச்சீங்கதானே? பூதக்கண்ணாடி வச்சு முழுசாப் படிச்சீங்க. நல்லா எழுதியிருக்கன்னு சொன்னீங்க."

"நல்லாத்தான் எழுதியிருந்த."

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."*

* இந்த இடத்தில் கதைசொல்லி கோபப்பட வேண்டும் என்று எழுத்தாளனுக்குத் தோன்றுகிறது. அவன் கோபப்படவில்லை. உடல் முழுக்க வெட்கம்தான் இருந்தது. வெட்கத்தை எழுதுவது கடினம். கோபத்துக்கு வசனம் உண்டு.

4

அடுத்த மாதம் என்னைத் தேடி ஒரு தையல்காரம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் அளவு நாடா. கழற்ற மறந்து பேருந்தேறி வந்துவிட்டாராம். கையில் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தின் நகல். என் வாக்கியத்தின் கீழ் சிவப்புக் கோடு.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ என்னை நிபுணன் என்று நம்பி வந்திருந்தார். அதுதான் கொடுமை.

"மருமகன் லைப்ரரியில பாத்துட்டு எடுத்துட்டு வந்தாரு சார். நீங்க படத்தப் பாத்து எழுதறவரு. இன்னொரு தடவ பாத்து, நாங்க இருந்தோம்னு எழுதிக் குடுங்க. அது போதும்."

அணைக்காக வீடு இழந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே வடகரையில் மனை ஒதுக்க இப்போது ஓர் உத்தரவு வந்திருக்கிறது. நிலம் எடுக்கப்பட்ட ஆண்டில் அங்கே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். இரண்டாவது வரைபடம் செல்லாது, அது அதற்கு முப்பது வருடம் முந்தியது. மூன்றாவதில் தரிசு. தையல்காரம்மா அங்கே பிறந்தவர். வெளியேற்றியபோது கைக்குழந்தை. ஒன்றும் ஞாபகமில்லை. அம்மா சொல்லிச் சொல்லித் தெரியும். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அவர் அழுதார். நேரில் அழவில்லை. 'சட்டையில மூணாவது பட்டன் வேற நூல்ல தச்சிருக்கு சார்' என்றார். அந்த மனுஷியை எனக்கு அழவைக்கத்தான் தெரிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.)

நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அந்த வருஷம் நிலத்த அளந்தவங்க ஃபீல்டு புக்குன்னு ஒண்ணு வச்சிருப்பாங்கம்மா. படம் வரையறதுக்கு முன்னாடி அங்க நின்னு எழுதற நோட்டு. அது கிடைச்சா போதும்."

"கிடைக்குமா சார்?"

"பாக்கறேன்."

அது எங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்று நான் சொல்லவில்லை.

5

அப்பாவின் பீரோவில், கம்பளிக்கு அடியில் இருந்தது. கையகல நோட்டு, காக்கித் துணி அட்டை. 'அளந்தத எழுதாம இருக்க எனக்கு வராது. புக்குல எழுதினேன், படத்துல போடல' என்றார். அதை ஏதோ நேர்மையின் சான்றிதழ்போலச் சொன்னார். ஒப்படைக்க வேண்டிய புத்தகத்தை ஐம்பது வருடம் கம்பளிக்கு அடியில் வைத்திருப்பதற்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.

பக்கத்தின் நடுவே, நிலம் அளக்கும் சங்கிலி போன கோடு. இரு பக்கமும் வீடுகள், எண்ணோடு, தேதியோடு. 'மண்சுவர், ஓலைக்கூரை, வாசல் தெற்கு.' 'மண்சுவர், ஓடு, வாசல் கிழக்கு.' ஏழாவது வீட்டுக்கு எதிரே ஓரத்தில், பென்சிலில்: 'வாசல் கிழக்கு. தவழும் குழந்தை சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. மறு அளவு.'

தையல்காரம்மாவின் வீடு ஏழாவது. வடக்கிலிருந்து எண்ணினால் ஏழு என்று அவர் அம்மா சொல்வாராம்.

இதை நான் புனையவில்லை. புனைந்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்கமாட்டேன், நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்து வீட்டின் எண்ணையாவது மாற்றியிருப்பேன்.

"இதக் குடுக்கப் போறேன்ப்பா."

"குடுத்தா எம் பேரு நாறிப்போகும். நான் போனப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

சாயங்காலம் அக்கா அழைத்தாள். அப்பா அதற்குள் சொல்லியிருக்கிறார். "டேய், எண்பது வயசுக்கு மேல அவர விசாரணைக்கு இழுத்துட்டுப் போகப் போறியா? நீ பெரிய அரிச்சந்திரன், ஒத்துக்கறேன். அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீ எம் மூஞ்சிலயே முழிக்காத."

"அவங்களுக்கு வீடில்லக்கா."

"ஐம்பது வருஷமா எங்கயோ இருந்தாங்கல்ல?"

எங்கள் குடும்பத்தில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. அப்பா சொன்னதைக் கேட்டார், அக்கா அப்பாவைக் காப்பாற்றினாள், நான் —

6

தையல்காரம்மாவின் மனுமீது விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதற்கு மூன்று வடிவங்கள் எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்றில் நான் புத்தகத்தோடு போகிறேன். அதிகாரி பக்கத்தைப் புரட்டுகிறார். அறையில் நிசப்தம். நல்ல வடிவம், ஒரு நண்பரிடம் படித்துக்காட்டினேன், கண் கலங்கினார்.

இரண்டாவதில் அப்பாவே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, 'ஆட்டோவக் கூப்பிடு' என்கிறார். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

நடந்தது மூன்றாவது. திங்கட்கிழமை மதியம் தையல்காரம்மாவை அழைத்தேன். "தேடிப் பாத்தேன்மா. கிடைக்கல."

"பரவால்ல சார். இவ்வளவு தூரம் பாத்தீங்களே, அதுவே பெருசு."

மீதியைப் பசையம்மா சொன்னார். இரண்டாவது வரைபடத்தின் சான்று நகலை எடுத்துக்கொண்டு அவர்தான் விசாரணைக்குப் போயிருந்தார். அதிகாரி மலரைக் கையில் எடுத்து, மாவட்ட வரலாற்றறிஞர் ஒருவரே எழுதியிருக்கிறார் என்று சொல்லி, என் வாக்கியத்தை உரக்கப் படித்தாராம். 'பண்டுதொட்டு' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தி. மனு தள்ளுபடி. ஆணையின் நான்காம் பத்தியில் அந்த வாக்கியம் மேற்கோளாகவே இருக்கிறது. என் எழுத்து இதுவரை வேறெங்கும் மேற்கோள் காட்டப்பட்டதில்லை.

"அந்தம்மா ஒண்ணும் பேசல சார்" என்றார் பசையம்மா. "அதிகாரி படிச்சு முடிச்சதும், 'அவர் நல்ல மனுஷன், தேடிப் பாத்தாரு'ன்னு மட்டும் சொன்னாங்க."

7

அப்பாவிடம் சொன்னேன். நிம்மதியாவார் என்று எதிர்பார்த்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றியை எதிர்பார்த்தேன்.

"தள்ளுபடியா?"

"ஆமா."

"நீ புக்கக் குடுக்கலையா?"

"நீங்கதானே வேணாம்னீங்க!"

"நான் வேணாம்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்ல முடியும் என்னால? நீ கேக்கமாட்டன்னு நெனச்சேன்." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அன்னைக்கு எனக்கு ரெண்டு பிள்ளைங்க. சம்பளத்த நம்பி வீடு. உனக்கு என்னடா இருந்துச்சு?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறையில் படுத்திருந்தன.

8

மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள். அறுபது நாளை இந்தக் கதையைத் திருத்துவதில் செலவழித்தேன். அதிலேயே தெரிந்திருக்கும் நான் எப்படிப்பட்டவன் என்று. அறுபத்தோராவது நாள் காலை தையல்காரம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், அப்பா, திங்கட்கிழமைப் பொய், சங்கிலியைப் பிடித்த குழந்தை. சொல்லத் தொடங்கியபோது பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஓடவில்லை.

நான் முடித்ததும் கேட்டார்: "எங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு போட்டிருக்கு?"

"கிழக்கும்மா."

"எங்கம்மா மேற்குன்னுதான் சொல்லுவாங்க. வாசல்ல உக்காந்தா வெயில் கண்ணக் கூசும், பொழுது சாயறது தெரியும்னு. எங்கம்மா சொன்னது தப்பா சார், உங்கப்பா எழுதினது தப்பா?"

அப்பா அளவில் தப்புச் செய்தவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து விழுங்கினேன்.

"புக்க இன்னைக்கே கொண்டாந்து குடுத்துடறேன். மேல்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. நானே வந்து சாட்சி சொல்றேன்."

"எனக்கு அது வேணுமான்னு யோசிக்கணும் சார்" என்றார். குரலில் கோபமில்லை. "மறுபடி அந்தப் படியேறி, இவங்கப்பா புக்குல நான் இருக்கேன்னு காட்டி நிக்கணுமான்னு யோசிக்கணும். இப்ப உங்களுக்குத்தான் அது ரொம்ப வேணும்போல இருக்கு."

வைத்துவிட்டார்.

இன்று அறுபத்து நான்காவது நாள். இதழாசிரியர் கதைக்கு முடிவு கேட்கிறார். தையல்காரம்மா புத்தகத்தை வாங்கிக்கொள்வதாக முடித்தால் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும். மறுப்பதாக முடித்தால் அவருக்கு ஒரு கம்பீரம் கிடைக்கும், அதையும் எழுதிய பெருமை எனக்கு வரும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் நன்றாகவே வந்தன.

அவர் இன்னும் அழைக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பதிலாக நான் யோசித்து எழுதுவதாக இல்லை. நீங்கள் வேண்டுமானால் யோசித்துப் பாருங்கள். ஆனால் அவர் இடத்தில் நின்று வேண்டாம். அது சுலபம், எல்லோரும் அங்கேதான் நிற்க விரும்புவார்கள். என் இடத்தில் நின்று, உங்கள் அப்பாவை அடுத்த அறையில் படுக்கவைத்துவிட்டு, அந்தத் திங்கட்கிழமை மதியம் தொலைபேசியை எடுங்கள். என்ன சொல்வீர்கள்?