நெவ்சாத் தலையில் விழ வேண்டிய கூரை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துப் பிடித்த கதை அல்ல. துருக்கியின் சோங்குல்தாக் ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூடும் தேநீர்க்கடையில் சுட்டது. (கதாநாயகன் பெயரும் திருட்டுதான். நெவ்சாத் என் மாடிவீட்டுக்காரர், அவரும் சுரங்கத்தில்தான் வேலை.)

2.

தொடக்கம்: 'முந்நூறு மீட்டர் ஆழத்தில், மலையின் பாரம் முழுவதும் நெவ்சாத்தின் தலைமேல்…'

வேண்டாம். பாரம் தலைமேல் இல்லை, கூரையைத் தாங்கும் முட்டுமரங்களின்மேல் இருக்கிறது.

மறுபடி: நெவ்சாத் கரி வாருகிறார். பக்கத்து முட்டுமரம் முனகுகிறது. பாறை அழுத்தினால் மரம் முறிவதற்கு முன் சத்தம் போடும். கேட்டவன் ஓட வேண்டும். நெவ்சாத் ஓடவில்லை. இருபது வருஷம் துளைபோடும் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்திய காது, பாதி செவிடு.*

* யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மேலே, தொழிலாளர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக்கொடுக்கும் விளக்கறையில் உட்காரவைத்துவிடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டுத் தொலைக்காட்சி என் வீட்டுக்கும் சேர்த்தே அலறுகிறது.

3.

கூரையை இறக்கும் முன், பெயரை மாற்றி, காதை விட்டுவிட்டு, கடையில் வாசித்துக் காட்டினேன். புத்தி கெட்டவன் நான்.

"மீட்டருக்கு ரெண்டு மரமா? எந்த மடையன் நட்டான்?" என்றார் ஓய்வுபெற்ற மேஸ்திரி இஸ்மெத். "இன்னொண்ணு போடு."

போட்டேன்.

"மூலையில கட்டைய குறுக்கும் நெடுக்குமா அடுக்கு. ம், இப்பப் படி."

இந்த ஆள் இருக்கும்வரை என் கதையில் ஒரு கூழாங்கல்கூட விழாது.

"அதெல்லாம் இருக்கட்டும். மரம் முனகுதே, உன் ஆளு ஏன் ஓடல?"

காதைப் பற்றி எப்படிச் சொல்வேன்? கடை மூலையில் உட்கார்ந்திருந்த நிஜ நெவ்சாத் சொன்னார்: "சத்தமாப் படிங்க தம்பி, ஒண்ணும் விளங்கல."

நான் கத்தித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

சுரங்கத்தில் தினமும் நெவ்சாத் பக்கத்தில் குனிந்து கரி வெட்டும் ஃபிக்ரத் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். அவர் காதருகே போய்க் கேட்டான்: "அண்ணே, நேத்து மரம் முனகுச்சே, கேட்டீங்களா?"

"கேக்காம? நல்லாவே கேட்டுச்சு."

"நேத்து முனகவே இல்லண்ணே."

எனக்கு வெட்கமாக இருந்தது.

4.

முடிவு: 'நெவ்சாத் சிரித்தபடி விளக்கறைக்கு…' இல்லை, அவர் சிரிக்கமாட்டார்.

'ஃபிக்ரத் யாரிடமும் சொல்லாமல்…' அப்புறம் அவன் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி விழிப்பது?

"தம்பி, இத மட்டும் எழுதிராதீங்க" என்றார் நெவ்சாத்.

"எழுதுங்க" என்றான் ஃபிக்ரத். "அவரு பக்கத்துல குனியப் போறவன் நான்."

எழுதியவரை எழுதிவிட்டேன். எனக்கு இருவரும் வேண்டியவர்கள், என்னால் இதற்குமேல் முடியாது. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். காலை எட்டு மணிக்கு இருவரும் கீழே இறங்குகிறார்கள், அதற்குள்.