எண்பத்து மூன்று சதவீதம் தளவாய்

எழுபது வயதில் நான் எம்.ஏ. சேர்ந்தேன். ஆங்கில இலக்கியமும் டிஜிட்டல் ஊடகமும் கலந்த படிப்பு. மூன்றாம் பருவத் தேர்வுக்கு முன் எங்கள் துறையில் எல்லோருக்கும் நகல் சோதனை உண்டு. கட்டுரைக்கு அல்ல. ஆளுக்கு.

கணினிக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பலகையில் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் ஒன்று காலிலிருந்து தலைக்குப் போனது. ஒரு தாள் வந்து விழுந்தது. உதவியாளர் ஜெசிந்தா அதைப் படித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“எம்பத்தி மூணு சதவீதம் வேற ஒருத்தர் சார் நீங்க.”

“யாரு?”

“தளவாய். செங்கோட்டை. உங்களுக்கு ரெண்டு வருசம் முந்தி வெளிவந்திருக்காரு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுபத்தோரு வருஷமாக நான் உலகநாதன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறைத்தலைவர் பொற்கொடி அம்மையாரிடம் ஓடினேன். அவர் நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“இலக்கியத்துல மூலப்பிரதின்னு ஒண்ணு கிடையவே கிடையாது அய்யா. டிஜிட்டல்ல இருக்கு. நீங்க ரெண்டும் சேர்ந்த படிப்புல வந்து மாட்டிக்கிட்டிய.”

“எவ்வளவு வரை விடுவீங்க?”

“பத்து. அஞ்சு மணிக்குள்ள குறைச்சுக் கொண்டாங்க. இல்லைன்னா உங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம்.”

“படிப்பிலிருந்தா?”

“எல்லாத்துலேருந்தும்.”

மணி மூன்று.

பல்கலைக்கழக வாசலில் எபனேசரின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆய்வேடுகளின் சதவீதத்தைக் குறைத்துக் கொடுப்பதில் கைராசிக்காரர். தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார்.

“பயப்படாதியும் அண்ணாச்சி. போன வாரம் ஒரு பேராசிரியரே தொண்ணூத்தாறோட வந்தாரு. மொழிபெயர்ப்பு ஆளு. ஏறும் மேசையில.”

ஏறினேன். எபனேசர் என்னிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அதே அர்த்தம் வரும் வேறொன்றைப் போட்டார். இருமலுக்குப் பதில் தும்மல். வலது முழங்கால் வலிக்குப் பதில் இடது. பல்லிப் பயத்தை எடுத்துவிட்டுத் தவளைப் பயம். நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. இரண்டு காதுகளிலும் மேற்கோள் குறிகளைக் கிளிப்பால் மாட்டினார். மேற்கோளுக்குள் இருப்பது கணக்கில் வராதாம். இருபத்திரண்டு.

அதற்கு மேல் நகரவில்லை. எபனேசர் முகம் வாடியது.

“மிச்சத்துல பெரும்பகுதி ஒரே பத்தி. ஆவுடையம்மாள்னு யாரு?”

“என் சம்சாரம்.”

“அவருக்கும் அவங்கதான். நாப்பத்தாறு வருசம். எழுத்துக்கு எழுத்து.”

நான் மேசையிலிருந்து விழுந்தேன். எழுந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

“செங்கோட்டையில தளவாய்னு ஒருத்தர்…”

“ஆமா. செவ்வாயும் வெள்ளியும் அங்கதான இருக்கேன். அதுக்கு என்ன இப்ப?”

அவள் கோயிலுக்குப் போவதாக நான் நினைத்திருந்தேன்.

“எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“நீங்க கேக்கவே இல்லியே. அடுப்புல பால் இருக்கு. வையுங்க.”

எபனேசர் என் தோளைத் தட்டினார். “அழிச்சிருவமா? ஒரு பொத்தான்தான். எட்டுக்கு வந்திருவியரு.”

“அவள அழிக்கப்பிடாது.”

“அப்ப அஞ்சு மணிக்கு நீரு இருக்க மாட்டியரு.”

“வேற வழி?”

அவர் தாடையைச் சொறிந்தார். “அடிக்குறிப்பு போடலாம். எடுத்தது எங்கேருந்துன்னு ஒத்துக்கணும். ஆனா அந்தாளு உம்ம காலடியிலயே கிடப்பாரு. பரவால்லியா?”

பரவாயில்லை என்றேன். அச்சு இயந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. அதன் வாயிலிருந்து தளவாய் வெளியே வந்தார். சாண் உயரம். வேட்டி, சட்டை, விபூதி எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. என் இடது பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

“உங்களைப் பத்தி அவ சொல்லியிருக்கா” என்றார்.

“என்ன சொன்னா?”

“படிக்கிற பிள்ளை, தொந்தரவு பண்ணாதியன்னு.”

ஒன்பது சதவீதம். நாலே முக்காலுக்குப் பொற்கொடி அம்மையார் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார். “இப்பத்தான் அய்யா நீங்க சொந்தமா இருக்கிய” என்று கையைக் குலுக்கினார். தளவாயும் கை நீட்டினார். அம்மையார் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். ஆவுடையம்மாள் கதவைத் திறந்து முதலில் என் பாதத்தைப் பார்த்தாள்.

“அய்யோ, இப்படி இளைச்சுப் போயிட்டியளே!”

தளவாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் தும்மினேன். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். காதுகளில் தொங்கிய குறிகளை, தாங்கி நடந்த இடது முழங்காலை எல்லாம் பார்த்தாள். ஹால் டிக்கெட்டை வாங்கி, ‘நகல் ஒன்பது சதவீதம், மீதி சொந்தம்’ என்றிருந்ததை இரண்டு தடவை படித்தாள்.

உட்காரச் சொல்லி இலை போட்டாள். இலையின் ஓரத்தில் ஒரு கரண்டிக்கும் குறைவாகச் சோறு வைத்தாள். ஒன்பது சதவீதம் இருக்கும்.

“மீதி?” என்றேன்.

“மீதி உங்க சொந்தமாமே. நீங்களே பொங்கிக்கோங்க.”

தளவாய்க்குச் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.